நீலகிரி நெட்டைக்காலி: மலைப் புல்வெளியின் தரைக்குருவியைப் பற்றி மலை விவசாயிகள் அறிய வேண்டியவை

மலைப்பகுதி விவசாயிகளுக்கான பயிற்சிகளில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "எங்கள் தோட்டத்துக்கு மேலே புல் மட்டும் முளைத்த சரிவு சும்மா கிடக்கிறது. அங்கே என்ன மரம் நடலாம்?" கேட்பவர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார். மரம் நட்டால் மழை வரும், மண் அரிக்காது என்று பள்ளியிலிருந்தே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் அது சரியும்கூட. ஆனால் நீலகிரி, ஆனைமலை உச்சிகளில் உள்ள புல்வெளிகளுக்கு அது பொருந்தாது.

அந்தப் புல் சரிவு பல ஆயிரம் ஆண்டுகளாகப் புல்வெளியாகவே இருந்து வருவது. அங்கே பாறைகளுக்கு இடையில், புல் தூர்களுக்கு அடியில், தரையிலேயே கூடு கட்டி வாழும் ஒரு சிறிய பாடும் பறவை உண்டு. அதன் பெயர் நீலகிரி நெட்டைக்காலி. உலகில் வேறு எந்த மலையிலும் இது இல்லை. இந்தப் பறவையை எப்படி அடையாளம் காண்பது, அது ஏன் குறைந்து வருகிறது, அதன் புல்வெளிக்கும் உங்கள் தண்ணீருக்கும் என்ன தொடர்பு, உங்கள் பட்டா நிலத்தில் என்ன செய்யலாம் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

எந்தப் பறவை இது?

நெட்டைக்காலிகள் வாலாட்டிக் குருவிகளின் குடும்பத்தைச் சேர்ந்தவை. உடல் ஒல்லியாகவும் கால்கள் சற்று நீளமாகவும் இருப்பதால் தமிழில் இந்தப் பெயர். இவை சிட்டுக்குருவியைப் போலத் தத்திச் செல்லாமல், கோழிக்குஞ்சு போலத் தரையில் நடந்தும் ஓடியும் இரை தேடும்.

நீலகிரி நெட்டைக்காலியின் அறிவியல் பெயர் ஆந்தஸ் நீல்கிரியென்சிஸ். 1885ஆம் ஆண்டு ரிச்சர்ட் பவுட்லர் ஷார்ப் என்ற பறவையியலாளர் இதைத் தனி இனமாக விவரித்தார். வலசை போகாத பறவை இது. பிறந்த மலையிலேயே ஆண்டு முழுவதும் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் உள்ள உயரமான மலைகளுக்கு மட்டுமே உரியது.

அடையாளம் காண்பது எப்படி?

- அளவு: சுமார் 17 செ.மீ. நீளம். சிட்டுக்குருவியைவிடச் சற்று நீளமான, மெலிந்த உடல்.
- நிறம்: மேற்புறம் செம்மை கலந்த பழுப்பு. முதுகில் கரும்பழுப்புக் கோடுகள் தெளிவாக இருக்கும். காய்ந்த புல்லோடு சேர்ந்துவிடும் நிறம் என்பதால் அசையாமல் இருந்தால் கண்ணில் படாது.
- முக்கிய அடையாளம்: மார்பில் உள்ள கருங்கோடுகள் அதோடு நிற்காமல் உடலின் இரு பக்கவாட்டிலும் தொடரும்.
- பழக்கம்: ஆள் நெருங்கினால் எழுந்து பறந்து, பக்கத்தில் உள்ள குட்டை மரத்திலோ புதரிலோ பாறையிலோ அமரும். ஆபத்து போனதும் மறுபடி புல்லுக்குள் இறங்கும்.
- ஆண், பெண் இரண்டும் ஒரே தோற்றம் கொண்டவை.

மலையில் வேறு நெட்டைக்காலிகளும் உண்டு. குழம்பிவிடக் கூடாது.

வயல் நெட்டைக்காலி: சமவெளியில் வரப்புகளிலும் காய்ந்த வயல்களிலும் நீங்கள் அடிக்கடி பார்ப்பது. மலையிலும் திறந்தவெளிகளில் இருக்கும். கால் இன்னும் நீளம். மார்பில் மட்டும் லேசான கோடுகள். பக்கவாட்டு வெறுமையாக இருக்கும்.

நீண்ட அலகுள்ள நெட்டைக்காலி: தென்னிந்திய மலைகளின் பாறைச் சரிவுகளில் வாழ்வது. உருவத்தில் பெரியது, சுமார் 20 செ.மீ. இதற்கும் பக்கவாட்டில் கோடுகள் இல்லை.

வலசை வரும் நெட்டைக்காலிகள்: குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வேறு சில நெட்டைக்காலிகள் மலைக்கு வந்து தங்கும். அவற்றில் சிலவற்றுக்கும் பக்கவாட்டில் கோடுகள் உண்டு. ஆகவே முதன்முறை அடையாளம் காண முயல்பவர்களுக்கு மே, ஜூன் மாதங்களே நல்லவை. அப்போது வலசைப் பறவைகள் திரும்பிப் போயிருக்கும்.

எங்கே வாழ்கிறது?

நீலகிரியின் மேல்மட்டப் புல்வெளிகள், ஆனைமலையில் உள்ள புல்மலைப் பகுதி, கேரளத்தில் மூணாறுக்கு அருகில் உள்ள இரவிகுளம் ஆகியவை இதன் முக்கிய வாழிடங்கள். பெரும்பாலும் கடல்மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேல்தான் இருக்கும். நீலகிரி வரையாடு வாழும் அதே உச்சிகள்தான் இவை. முக்குருத்தி தேசியப் பூங்கா, இரவிகுளம் தேசியப் பூங்கா, ஆனைமலையின் புல்மலைப் பகுதி ஆகியவை 2012இல் யுனெஸ்கோவின் உலக இயற்கைப் பாரம்பரியப் பட்டியலில் மேற்குத் தொடர்ச்சி மலையின் பகுதிகளாகச் சேர்க்கப்பட்டன.

இந்த மலைகளில் மடிப்புகளிலும் ஓடைப் பள்ளங்களிலும் சோலைக்காடு இருக்கும். மேடுகளிலும் திறந்த சரிவுகளிலும் புல் இருக்கும். சோலையும் புல்லும் மாறி மாறி வருவது இந்த மலையின் இயல்பான அமைப்பு. காட்டை வெட்டியதால் உண்டான புல் என்று நினைப்பது தவறு. மலை உச்சியில் வீசும் காற்றும் உறைபனியும் புல்வெளியில் முளைக்கும் சோலை மரக் கன்றுகளைத் தாக்குகின்றன. அதைத் தாங்கும் தன்மை உள்ளூர்ப் புல்லுக்கு உண்டு.

நீலகிரி நெட்டைக்காலிக்குத் தேவைப்படுவது இதுதான்: தூர் தூராக வளர்ந்த உள்ளூர்ப் புல், ஆங்காங்கே பாறை, ஒன்றிரண்டு புதர், பக்கத்தில் ஈரமான தாழ்வான இடம். மரத்தோப்புக்குள் இது வாழாது. மரம் அடர்ந்தால் இடத்தைக் காலி செய்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சமவெளிப் பறவைக்கு ஒரு வயல் போனால் அடுத்த வயல் உண்டு. இந்தப் பறவைக்கு ஒரு மலை உச்சிக்கும் அடுத்த மலை உச்சிக்கும் நடுவே தாழ்வான, வெப்பமான பள்ளத்தாக்குகள் கிடக்கின்றன. கடலில் தீவுகள் போல அதன் இடங்கள் தனித்தனியாக உள்ளன. ஒரு தீவு போனால் அங்கிருந்த பறவைகளும் போனதாகவே கொள்ள வேண்டும். வெப்பம் கூடும்போது மேலே ஏறிப் போகலாம் என்றாலும், ஏற்கெனவே உச்சியில் இருப்பதற்கு அதற்கு மேல் இடமில்லை.

உணவும் கூடும்

பூச்சிகளே இதன் முக்கிய உணவு. சிறு புல் விதைகளையும் உண்ணும். புல் தூர்களுக்கு இடையே நடந்து நடந்து கொத்தித் தின்னும்.

இனப்பெருக்கக் காலம் ஏப்ரல் முதல் ஜூலை வரை. இந்தப் பருவத்தில் பாறை மேலோ புதர் நுனியிலோ அமர்ந்து பாடுவதைக் கேட்கலாம். கூடு தரையில்தான் இருக்கும். அடர்ந்த புல் தூருக்கு அடியில், காய்ந்த புல்லைக் கிண்ணம் போல வளைத்துக் கட்டும். 2 அல்லது 3 முட்டைகள் இடும். நெட்டைக்காலி இனங்களில் பொதுவாக அடைகாக்க இரண்டு வாரமும், குஞ்சு கூட்டைவிட்டு வெளியேற மேலும் இரண்டு வாரமும் ஆகும். அதாவது ஒரு கூட்டுக்குச் சுமார் ஒரு மாதம் தொந்தரவு இல்லாத தரை வேண்டும்.

இந்த மாதங்களை உங்கள் சாகுபடி நாட்காட்டியோடு பொருத்திப் பாருங்கள். நீலகிரியில் கார்போகத்துக்கு நிலம் தயாரித்து, உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்டு, களையெடுத்து, மண் அணைப்பதும் இதே காலத்தில்தான். புல்வெளியை ஒட்டிய தோட்டங்களில் ஓரத்துப் புல்லை வெட்டுவது, கொளுத்துவது, களைக்கொல்லி அடிப்பது எல்லாம் இந்தப் பருவத்தில் நடக்கின்றன. கூடு தரையில் இருப்பதால் ஒரு அரிவாள் வீச்சில், ஒரு தீக்குச்சியில் ஒரு வருட இனப்பெருக்கம் போய்விடும்.

ஏன் குறைந்து வருகிறது?

உலக அளவில் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனங்களின் சிவப்புப் பட்டியலில் நீலகிரி நெட்டைக்காலி இடம்பெற்றுள்ளது. வேட்டையோ நோயோ இதற்கு முதன்மைக் காரணமல்ல. வாழும் இடம் போய்க்கொண்டிருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் உதகை நகரம் வளர்ந்தபோது விறகுத் தட்டுப்பாடு வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரமும் கற்பூர மரமும் கொண்டுவரப்பட்டன. வரி வராத புல்வெளி அன்றைய நிர்வாகத்தின் கண்ணுக்குத் தரிசாகத் தெரிந்தது. பிறகு தேயிலை வந்தது. நாடு விடுதலை அடைந்த பிறகும் தோல் பதனிடப் பட்டை, காகிதக் கூழ், ரேயான் என்று பல தேவைகளுக்காகப் புல்வெளிகளில் மரத்தோட்டங்கள் போடப்பட்டன. நீர்மின் திட்டங்களின் நீர்த்தேக்கங்கள் சில பள்ளத்தாக்குகளை எடுத்துக்கொண்டன. பழனி மலையில் புல்வெளியின் பெரும்பகுதி சீகை, பைன், கற்பூர மரத் தோட்டங்களாக மாறிவிட்டது.

தோட்டம் போடுவது நின்ற பிறகும் சீகை நிற்கவில்லை. அதன் விதைகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீப்பட்டால் விதையின் கடினமான தோல் வெடித்து ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் முளைக்கும். சாலை ஓரம், ஓடை ஓரம், தோட்ட ஓரம் வழியாகப் புல்வெளிக்குள் நகர்ந்துகொண்டே இருக்கிறது. சீகையோடு ஸ்காட்ச் புரூம், கோர்ஸ் போன்ற வெளிநாட்டு மஞ்சள் பூப்புதர்களும், தீவனத்துக்காக வந்த கிகுயு புல்லும் சேர்ந்துகொண்டன. கிகுயு புல் தரையில் மெத்தை போலப் பின்னிப் படரும். தூர் கட்டி வளரும் உள்ளூர்ப் புல்லை அது நெருக்கி வெளியேற்றிவிடும்.

விவசாயிக்கு இதனால் என்ன?

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். இந்தக் குருவி உங்கள் கேரட் தோட்டத்துக்கு வந்து பூச்சி பிடித்துத் தரும் என்று நான் சொல்லப் போவதில்லை. அது புல்வெளியை விட்டு அதிகம் வெளியே வராது. உங்களுக்கு வருமானம் தரும் பறவை இல்லை இது.

ஆனால் அது வாழும் புல்வெளி உங்களுக்குத் தண்ணீர் தருகிறது. இதற்கு நம் மாநிலத்திலேயே அளந்து எடுத்த ஆதாரம் உண்டு. இந்திய மண் மற்றும் நீர்ப் பாதுகாப்பு நிறுவனத்தின் உதகை ஆராய்ச்சி மையம் கிளென்மார்கன் பகுதியில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளைப் பல ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்தது. ஒன்று இயற்கைப் புல்வெளியாகவே விடப்பட்டது. மற்றொன்றில் பாதிக்கும் மேற்பட்ட பரப்பில் 1970களில் கற்பூர மரம் நடப்பட்டது. முதல் பத்தாண்டுச் சுழற்சியில் மரம் நட்ட பகுதியிலிருந்து வெளிவந்த நீரின் அளவு 16 விழுக்காடு குறைந்தது. வெட்டியபின் தழைத்த மறுதாம்புச் சுழற்சியில் இந்தக் குறைவு சுமார் 25 விழுக்காடாக உயர்ந்தது.

காரணம் எளிது. வேகமாக வளரும் மரம் ஆழத்தில் வேரிறக்கி ஆண்டு முழுவதும் நீரை உறிஞ்சி ஆவியாக்கும். புல் மழைக்காலத்தில் வளர்ந்து, பனிக்காலத்தில் காய்ந்து அடங்கிவிடும். அதன் அடர்ந்த வேர்கள் மண்ணைப் பிடித்து வைக்க, கரிமச்சத்து நிறைந்த அந்த மண் மழைநீரை வாங்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகளுக்கும் ஓடைகளுக்கும் விடுகிறது. நீர்போகத்துக்கு நீங்கள் நம்பியிருக்கும் கோடைக்கால ஓடை நீர் இப்படித்தான் வருகிறது.

மலையில் மட்டும் அல்ல. மேல்பவானி, அவலாஞ்சிப் பகுதிகளின் நீர் பவானி ஆற்றில் சேர்கிறது. பைக்காரா ஆறு கீழே இறங்கி மோயாறாகிறது. இரண்டும் பவானிசாகர் அணையில் சேர்கின்றன. அங்கிருந்து கீழ்பவானி வாய்க்கால் ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாசனம் தருகிறது. கோபியிலோ பெருந்துறையிலோ இதைப் படிக்கும் விவசாயிக்கும் அந்தப் புல்வெளியில் பங்கு உண்டு.

நீலகிரி நெட்டைக்காலி கூடு கட்டுகிறது என்றால் அந்தப் புல்வெளி இன்னும் புல்வெளியாகவே இருக்கிறது என்று பொருள். பறவை போய்விட்டால், புல்வெளியில் ஏதோ மாறிவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும். மண் பரிசோதனை அறிக்கை போல, செலவில்லாமல் கிடைக்கும் ஓர் அறிக்கை இது.

மலை விவசாயிகளுக்கான மாதவாரிக் குறிப்புகள்

புல்வெளியை ஒட்டிப் பட்டா நிலம் வைத்திருப்பவர்கள் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

ஜனவரி முதல் மார்ச் வரை

- உறைபனியில் புல் காய்ந்திருக்கும் காலம் இது. தோட்டக் கழிவுகளைப் புல்வெளி ஓரத்தில் கொளுத்த வேண்டாம். கழிவை மட்க வைத்து உரமாக்குங்கள்.
- உங்கள் எல்லைக்குள் தீத்தடுப்புக் கோடு எடுக்க வேண்டியிருந்தால் பிப்ரவரிக்குள் முடித்துவிடுங்கள்.
- தோட்ட ஓரத்தில் புல் வெட்டுவது, வேலி சரிசெய்வது, வாய்க்கால் தூர்வாருவது ஆகிய வேலைகளை மார்ச் இறுதிக்குள் முடியுங்கள்.

ஏப்ரல் முதல் ஜூலை வரை

- தோட்டத்துக்கும் புல்வெளிக்கும் நடுவே 2 முதல் 3 மீட்டர் அகலத்துக்குப் புல்லைத் தொடாமல் விடுங்கள். மண் அரிப்பைத் தடுக்கும் வரப்பாகவும் அது பயன்படும்.
- அந்த ஓரத்தில் களைக்கொல்லி தெளிக்க வேண்டாம். பூச்சிமருந்து தெளிக்கும்போது காற்று புல்வெளிப் பக்கம் வீசினால் தெளிப்பதைத் தள்ளிப்போடுங்கள்.
- குருணை மருந்துகளில் மிகுந்த கவனம் தேவை. கார்போபியூரான் போன்ற குருணைகள் பறவைகளுக்குக் கொடிய நஞ்சு. தரையில் சிந்திய குருணையை விதை என்று கொத்தும் சிறு பறவை ஒன்றிரண்டு குருணையிலேயே இறந்துவிடும். நூற்புழுவுக்குப் பயிர்ச் சுழற்சி, எதிர்ப்புத் திறன் உள்ள ரகம் ஆகியவற்றை முதலில் கையாளுங்கள். மருந்து இட வேண்டிய நிலை வந்தால் வேளாண் அல்லது தோட்டக்கலை அலுவலரின் பரிந்துரைப்படி, மண்ணுக்குள் இட்டு மூடுங்கள்.
- மாடுகளை ஒரே இடத்தில் நாள் முழுவதும் கட்டி மேய்க்காதீர்கள். இடம் மாற்றி மேய்த்தால் புல் தூர் மிதிபடாமல் பிழைக்கும்.
- புல் அறுக்கும்போதோ களையெடுக்கும்போதோ கூடு கண்ணில் பட்டால், அதைச் சுற்றி 5 மீட்டர் தூரத்துக்கு ஒரு மாதம் வேலை செய்ய வேண்டாம். முட்டையைத் தொட வேண்டாம். பக்கத்தில் கொடி, குச்சி நட்டு அடையாளம் வைக்கவும் வேண்டாம், காகம் கவனித்துவிடும்.

ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை

- தீவனத்துக்குப் புல் அறுக்க ஏற்ற காலம் இது. தரையோடு ஒட்ட அறுக்காமல் ஒரு சாண் உயரம் விட்டு அறுங்கள். ஓரத்துப் புல் முழுவதையும் ஒரே ஆண்டில் அறுக்காமல் பாதி இந்த ஆண்டு, மீதி அடுத்த ஆண்டு என்று மாற்றி அறுங்கள்.
- மண் ஈரமாக இருப்பதால் சீகை நாற்றுகளைப் பிடுங்கவும் இதுவே சரியான நேரம்.

சீகை நாற்றுகளை அகற்றும் முறை

1. முதலில் உங்கள் நிலத்தில் சீகை குறைவாக இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அடர்ந்த தோப்பில் தொடங்கினால் ஆட்கூலி தீர்ந்துபோகும், ஓரத்தில் பரவுவதும் நிற்காது.
2. முழங்கால் உயரத்துக்கு உட்பட்ட நாற்றுகளை வேரோடு கையால் பிடுங்கலாம். வேர் மண்ணில் படாதபடி கவிழ்த்துப் போடுங்கள்.
3. பூத்துக் காய்க்கும் அளவுக்கு வளர விடாதீர்கள். ஒரு மரம் காய்த்தால் உங்கள் பிள்ளைகள் காலம் வரை பிடுங்க வேண்டியிருக்கும்.
4. வெள்ளிச் சீகை வெட்டினால் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். வெட்டியதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடாமல், துளிர்களைத் தொடர்ந்து ஒடித்து வாருங்கள்.
5. அகற்றிய இடத்தில் தீ வைக்காதீர்கள். தீ, மண்ணில் உள்ள விதைகளை எழுப்பிவிடும்.
6. குறைந்தது ஆண்டுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பிடுங்குங்கள். ஓராண்டு விட்டாலும் பழைய உழைப்பு வீணாகும்.

கவனிக்கவும்: நாற்று பிடுங்குவது வேறு, மரம் வெட்டுவது வேறு. தமிழ்நாடு மலைப்பகுதி (மரங்கள் பாதுகாப்பு) சட்டம், 1955 நடைமுறையில் உள்ள இடங்களில் உங்கள் பட்டா நிலத்து மரமாக இருந்தாலும் அனுமதி பெற்றே வெட்ட வேண்டும். வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, விண்ணப்பம் கொடுத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். காப்புக்காட்டுக்குள் சீகையே ஆனாலும் நீங்களாக எதையும் அகற்றக் கூடாது. அயல் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்டுள்ளது. அந்தப் பணிகளை வனத்துறை செய்யும்போது உள்ளூர் மக்களாக நீங்கள் உதவலாம்.

மரம் நட விரும்பினால்

மரம் நடவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இடம் பார்த்து நட வேண்டும்.

- நடக்கூடிய இடங்கள்: அழிந்துபோன சோலையின் ஓரம், ஓடைக்கரை, வீட்டைச் சுற்றி, தேயிலைத் தோட்டத்துக்குள், ஏற்கெனவே உழுது பயிர் செய்து விட்ட நிலம்.
- நடக்கூடாத இடம்: தூர் கட்டிய உள்ளூர்ப் புல் நிற்கும் திறந்த சரிவு. அங்கே சோலை மரக்கன்றையும் நட வேண்டாம்.
- எதை நடலாம்: மலை நாவல் வகைகள் போன்ற உள்ளூர்ச் சோலை மரங்கள். காட்டுப்பூவரசு எனப்படும் ரோடோடென்ட்ரான் மரம் புல்வெளி ஓரத்தில் ஒன்றிரண்டாகத் தானே வளரும் இயல்புடையது. அது இருந்தால் வெட்டாமல் விடுங்கள்.
- பள்ளி, சங்கங்கள் சார்பில் மரம் நடும் விழா நடத்துபவர்கள், குழி வெட்டுவதற்கு முன் அந்த இடம் இதற்கு முன் என்னவாக இருந்தது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். "எங்கள் தாத்தா காலத்திலும் புல்தான்" என்று சொன்னால் குழி வெட்ட வேண்டாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*எங்கள் நிலம் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்தப் பறவை அங்கே வருமா?*
அந்த உயரத்தில் பார்க்கும் வாய்ப்பு மிகக் குறைவு. நீங்கள் பார்ப்பது வயல் நெட்டைக்காலியாகவோ குளிர்கால வலசைப் பறவையாகவோ இருக்கலாம். ஆனால் அவையும் தரையில் இரை தேடும் பறவைகளே. குருணை மருந்து பற்றிய எச்சரிக்கை எல்லா உயரத்துக்கும் பொருந்தும்.

*புல்வெளியில் மாடு, எருமை மேய்ப்பதே தவறா?*
இல்லை. தோடர் மக்களின் எருமைகள் இந்தப் புல்வெளிகளில் பல நூற்றாண்டுகளாக மேய்ந்து வந்தவை. மிதமான மேய்ச்சலைப் புல்வெளி தாங்கும். ஒரே இடத்தில் அளவுக்கு மீறி மேய்ப்பதும், கூடு கட்டும் காலத்தில் மந்தையை அடைப்பதும்தான் கெடுதல்.

*மேல் சரிவைப் படிக்கட்டு முறையில் திருத்திக் காய்கறி போட்டால் கூடுதல் வருமானம் கிடைக்குமே?*
முதல் சில ஆண்டுகள் நல்ல விளைச்சல் வரும். புல் சேர்த்து வைத்த கரிமச்சத்து அது. சரிவான நிலத்தில் புல் வேரின் பிடிப்பு போன பிறகு, ஒவ்வொரு தென்மேற்குப் பருவமழையிலும் மேல்மண் இறங்கும். இறங்கும் மண் உங்கள் கீழ்த் தோட்டத்தையும் ஓடையையும் மூடும். மலைப்பகுதியில் மண் வெட்டும் இயந்திரங்களைப் பயன்படுத்தவும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை. கூடுதல் பரப்பைவிட, இருக்கும் பரப்பில் மண்வளத்தைக் கூட்டுவதே நிலையான வருமானம் தரும்.

*பறவையைப் பார்த்தால் யாரிடம் சொல்ல வேண்டும்?*
தேதி, இடம், எத்தனை பறவை, என்ன செய்துகொண்டிருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். செல்பேசியில் தூரத்திலிருந்து படம் எடுத்தாலும் போதும். இபேர்ட் என்ற இணையத் தளத்தில் பதிவு செய்யலாம், அல்லது அருகில் உள்ள வனச்சரக அலுவலகத்தில் சொல்லலாம். கூடு இருக்கும் இடத்தை மட்டும் சமூக வலைத்தளங்களில் போட வேண்டாம். செல்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் கூடாது. கூட்டை விட்டு வெளியே வந்துவிடும்.

*தோட்டத்தில் நாய் வளர்க்கிறோம். அதனால் பாதிப்பு உண்டா?*
உண்டு. அவிழ்த்துவிட்ட நாய் புல்வெளியில் ஓடினால் தரையில் உள்ள முட்டையும் குஞ்சும் தப்பாது. ஏப்ரல் முதல் ஜூலை வரை பகலில் கட்டி வையுங்கள். அழுகிய காய்கறிகளையும் உணவுக் கழிவையும் புல்வெளி ஓரத்தில் கொட்டாதீர்கள். அவை காகங்களையும் தெருநாய்களையும் அழைத்து வரும்.

முடிவாக

மலையில் ஒரு சரிவைப் பார்த்து "இது சும்மா கிடக்கிறது" என்று சொல்வதற்கு முன், மே மாதத்தில் ஒரு காலை அங்கே அரை மணி நேரம் பாறை ஓரமாக அமைதியாக உட்கார்ந்து பாருங்கள். கோடு போட்ட ஒரு பழுப்புக் குருவி புல்லுக்குள்ளிருந்து எழுந்து பாறையில் அமர்ந்து பாடினால், அந்த நிலம் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது. அங்கே நீங்கள் செய்ய வேண்டியது ஏதுமில்லை. ஓரத்தில் முளைக்கும் சீகை நாற்றை மட்டும் ஆண்டுதோறும் பிடுங்கி வாருங்கள்.